கப்பலில் ஒரு மாப்பிள்ளை, வளையத்தில் ஒரு மாப்பிள்ளை

ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்தால் ஓடவில்லை. மேடையில் வைத்தே, ஒலிவாங்கிக்கு முன்னாலேயே, "மெடம், நீங்களே ஒருக்காப் பாத்திட்டா நல்லம்" என்றார் ஏற்பாடு செய்தவர். பார்த்தேன். பற்றரியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். நான் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் பார்த்த கோளாறுகளில் பாதி இந்த வகைதான்.

தேநீர் நேரத்தில் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஷிபானா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மெடம், எல்லாரும் கேக்கச் சொல்லி என்னத் தள்ளி விட்டிருக்காங்க. எந்த வெப்சைட்டையும் ரெண்டு பிரவுசர்ல பாக்காம நீங்க சரி சொல்லவே மாட்டீங்க. என்னத்துக்கு? இப்ப எதில பாத்தாலும் ஒண்டுதானே?"

"அது ஒரு கலியாணத்தால வந்த பழக்கம் புள்ள."

"உங்கட கலியாணமா?"

"என்ட கலியாணத்துக்கு ரெண்டு தரம் பாத்திருந்தா அது நடந்தே இரிக்காது" என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் வாயில் வைத்த வடையோடு முறைத்தார். அவருக்கு இப்படி ஏதாவது விழாவிட்டால் அன்றைக்குச் சோறு செமிக்காது.

ஷிபானாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டால் சாய்ந்தமருது சந்தையில் நான் மீன் வாங்க ஏலாது.

நான் கம்பியூட்டர் படித்தது பெரிய கதையில்லை. கொழும்பில் பெரியப்பா வீட்டில் ஒரு வருடம், மூன்று சான்றிதழ், ஏராளமான திட்டு. ஊருக்குத் திரும்பியபோது கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் கம்பியூட்டர் நிலையம் ஒன்று திறந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு பெண் வேண்டுமாம். போய் நின்றேன், எடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது.

முன் ஹோலில் மூன்று கம்பியூட்டர். பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், பெண்களுக்கென்று ஓர் அறை. அதில் ஒரே ஒரு கிழட்டுக் கம்பியூட்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டெலிபோன் லைன். கொழும்புக்கு டயல் பண்ணினால் மோடம் கத்தும் கத்தலில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர், "என்ன தங்கச்சி, இண்டைக்கும் கோழி அறுக்கிறீங்களா?" என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் பிரவுசர் என்றால் இரண்டுதான். ஒன்றின் படத்தில் கப்பலின் சுக்கான் இருக்கும். மற்றதன் படத்தில் ஒரு நீல எழுத்து, அதைச் சுற்றி ஒரு வளையம். நாங்கள் கப்பல், வளையம் என்றே கதைப்போம். ஹோலில் இருந்த மூன்றிலும் வளையம். பின்னறைக் கிழவி வளையத்தைத் தாங்க மாட்டாள், அவளுக்குக் கப்பல் மட்டும்.

நிலையத்தின் பொறுப்பாளர் மஜீத் சேர். தபால் கந்தோரில் தந்தி அடித்து அடித்தே ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் கூர் தீட்டிய பென்சில். கம்பியூட்டரைத் தொடவே மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நமது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அவர் நிற்பது முதலில் மூக்குக்குத்தான் தெரியும், அத்தர் வாசம் வரும்.

ஏதாவது வேலை செய்யவில்லை என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்பார். "கண்ணால என்ன கண்டீங்க? மத்ததில பாத்தீங்களா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" மூன்றுக்கும் பதில் சொல்லாமல் ஒரு விசையைத் தட்டினாலும் போச்சு. "சேர், எனக்கென்னமோ லைன்ல பிழை போல" என்று ஒரு நாள் தொடங்கிவிட்டேன். "உங்களுக்கு என்ன போல எண்டு நான் கேக்கல்ல மிஸ். கண்டதச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

கேள்வி முடிந்தால் வேலை. பக்கத்தை அப்படியே பிளொப்பியில் இறக்க வேண்டும். உடனே லைனைத் துண்டிக்க வேண்டும். பிறகு ஆறுதலாக அதன் எழுத்துகளைத் திறந்து, மேலிருந்து கீழே, பென்சில் நுனியை வரி வரியாக வைத்துப் படிக்க வேண்டும். காரணம் தெரிந்தால் அன்றைக்கே பக்கத்துக்கு உடையவருக்கு அறிவிக்க வேண்டும். கடைசியாக, தடித்த மட்டைக் கொப்பியில் கோளாறையும் முடிவையும் பத்துச் சொல்லுக்குள் எழுத வேண்டும். பதினோராவது சொல் எழுதினால் சேர் வெட்டிவிடுவார். தந்திப் புத்தி, போகவே இல்லை.

இந்த முறைக்கு நான் அடங்கியது அறுகம்பேயில் விருந்தினர் விடுதி வைத்திருந்த ஒருவரால். அவர் ஒரு நாள் புயலாக வந்தார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் தபாலில் எழுதியிருக்கிறான், உங்கள் விடுதியைத் தேடினேன், வெறும் வெள்ளைதான் இருந்தது என்று. "வெள்ளையாம்! கடல் இரிக்கி, எட்டு அறை இரிக்கி, நான் இரிக்கன்! அவனுக்குக் கண்ணில்லயா மிஸ்?"

ஹோலில் திறந்தேன். கடல், அறை, அவர், எல்லாம் இருந்தது. பின்னறையில் திறந்தேன். வெள்ளை. சேர் வந்து நின்றார், மூன்று கேள்வி கேட்டார். இறக்கிப் படித்தால், அறைகளின் பட்டியலுக்குக் கட்டம் போட்டவர் கட்டத்தை மூடும் ஒரு சொல்லை எழுதவில்லை. வளையம் பெருந்தன்மைக்காரி. மூடாததைத் தானே மூடிக் காட்டிவிடுவாள். கப்பல் அப்படியில்லை. நீ மூடு, பிறகு காட்டுகிறேன் என்று சும்மா இருந்துவிடும். ஒரு சொல் சேர்த்தோம், கடல் வந்தது. விடுதிக்காரர் சந்தோசத்தில் ஒரு பை கருவாடு கொண்டுவந்தார். மூன்று நாள் பின்னறைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சுலைஹா மாமி வந்தார். எங்கள் தெருதான். கூடவே மகள் றிஸ்வானாவும் அவளுடைய அண்ணன் நௌபர் நானாவும். றிஸ்வானா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மாமி கையில் ஒரு பொலித்தீன் பை. அதிலிருந்து கடதாசி ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார்.

"பத்திரமா பிரிஜ்ஜில வச்சிருந்தன் மகள். அது ஓடாம ஒரு வருசமாப் போச்சி. இப்ப அதுதான் என்ட அலுமாரி. சாரி, காணி உறுதி, மருந்துத் துண்டு எல்லாம் அதுக்குள்ளதான். எத்தின பேரக் கொண்டுவந்து காட்டியாச்சி, ஒருத்தனுக்கும் ஏலல்ல."

கடதாசியில் ஒரு வெப்சைட் முகவரி. கட்டாரில் வேலை செய்யும் இர்ஷாத் என்கிற நிந்தவூர் மாப்பிள்ளை தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் மாமா முடிவு கேட்க வருகிறார். அதற்கு முன் ஆளைப் பார்த்துவிட வேண்டும்.

ஹோலில் பொடியன்மார் இருந்ததால் றிஸ்வானா பின்னறைக்குப் போனாள். மாமியும் நானாவும் ஹோலில். நான் இரண்டு பக்கமும் முகவரியை அடித்துவிட்டு நடுவில், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஹோலில் பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் தலை, பிறகு கழுத்துப்பட்டி, பிறகு கோட்டு, பிறகு கார். வெள்ளைக் கார், கண்ணாடியில் வெயில் தெறிக்கிறது. இர்ஷாத் அதன் திறந்த கதவுக்குப் பின்னால் நிற்கிறார். கீழே ஆங்கிலத்தில் பெயர், வயது இருபத்தொன்பது, தொழில் எஞ்சினியர். சுற்றிவர ரோசாப்பூ விரிந்து விரிந்து மூடுகிறது.

"மாஷா அல்லாஹ்!" மாமியின் குரல் ஒழுங்கை வரைக்கும் போயிருக்கும். "மகள்! பாத்தியா? காரப் பாத்தியா?"

பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் முன்னால் காரும் இல்லை, ரோசாவும் இல்லை. திரை முழுக்கக் கூர்க் கோடும் எழுத்துமாக, இறைச்சிக் கடையில் தோலுரித்துத் தொங்கவிட்டது மாதிரி, பக்கத்தின் உள்ளுடம்பு கிடந்தது. றிஸ்வானா திரைக்குக் கிட்டக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள். சால்வை வாயை மூடியிருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன்.

"என்ன றிஸ்வானா?"

"மிஸ், இதப் பாருங்களன்."

பக்கம் எழுதுகிறவர்கள் தங்களுக்கென்று குறிப்பு எழுதி வைப்பதுண்டு. அதற்கென்று இரண்டு அடையாளம் இருக்கிறது, அதற்குள் அடைத்துவிட்டால் பிரவுசர் காட்டாது. மாப்பிள்ளை அப்படி நாலு குறிப்பு அடைத்து வைத்திருந்தார். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். கப்பல் ஒன்றையும் விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.

படத்துக்குப் பக்கத்தில்: "இந்தக் கார் என்ட இல்ல, மெனேஜர்ட. காரோட நிண்டு படம் எடு எண்டு மாமா சொன்னது." அதற்குக் கீழே: "கோட் பக்கத்து றூம் ஆள்ட. கை கட்டை, கையக் காருக்குப் பின்னால மறைச்சிரிக்கன்." தொழிலுக்குப் பக்கத்தில்: "எஞ்சினியர் எண்டு மாமா போடச் சொன்னது. ஏசி மெக்கானிக். பேச்சு முடியமுன்ன மாத்தணும். மறந்திராத இர்ஷாத்." கடைசியாக: "அவ டீச்சராம். என்ட இங்கிலீஷப் பாத்துச் சிரிப்பாவோ தெரியா."

"கார் என்ன வடிவு, இல்லயா மகள்?" என்று ஹோலிலிருந்து மாமி திரும்பவும் கூப்பிட்டார்.

"ஓம் உம்மா. நல்ல விளக்கமாத் தெரியிது" என்றாள் றிஸ்வானா.

நானா சும்மா இருப்பவர் அல்ல. தங்கச்சியின் பக்கம் கார் வரவில்லை என்று எப்படியோ தெரிந்துவிட்டது. திரைச்சீலைக்கு வெளியே நின்று, "மிஸ், அந்த மிஷின் பழுதா? சேரக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட முன்பே அத்தர் வாசம் வந்துவிட்டது.

"கண்ணால என்ன கண்டீங்க?"

"கப்பல்ல எழுத்து மட்டும் சேர். வளையத்தில முழுப் பக்கம்."

"மத்தப் பக்கங்கள் கப்பல்ல வருதா?"

"வருது சேர்."

"அப்ப கப்பல் சுகம். பக்கத்தில என்ன வித்தியாசம் எண்டு பாருங்க."

பிளொப்பியில் இறக்கினோம். லைனைத் துண்டித்தோம். சேர் பென்சிலை முதல் வரியில் வைத்தார், அதற்குக் கீழே போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தந்தியக் குடுக்கிறவன் தந்திய வாசிக்கப்படா மிஸ். முப்பது வருசம் இந்த ஊர்ட நல்லது கெட்டது எல்லாம் என்ட கையால போயிரிக்கி. ஒண்டும் எனக்குத் தெரியா. நீங்களும் எழுத்தப் பாருங்க, விசயத்தப் பாக்காதீங்க."

நான் ஏற்கெனவே இரண்டு தரம் வாசித்திருந்தேன். நான் தந்திக் கந்தோரில் வேலை செய்யவில்லையே.

காரணம் பக்கத்துக்குள் இல்லை, அதன் பெயரில் இருந்தது. எங்கள் ஆட்கள் எதை எழுதினாலும் மேலே 786 என்று போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் பிஸ்மிக்கு உரிய எண் அது. கடிதத்தில் இருக்கும், கடைப் பலகையில் இருக்கும், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும். இர்ஷாதுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பக்கத்தைச் சேமிக்கும்போது பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மூன்று எழுத்துப் போட வேண்டும் என்று. மூன்று எழுத்துத்தானே, நல்லதாகவே போடுவோம் என்று மனுசன் புள்ளி வைத்து 786 போட்டுவிட்டார்.

பக்கத்தை அனுப்புகிற பெரிய கம்பியூட்டர் அந்தக் கடைசி மூன்றைப் பார்த்துத்தான் இது படமா, பக்கமா, வெறும் எழுத்தா என்று சொல்லி அனுப்பும். 786 என்றால் என்னவென்று அதற்கு எங்கே தெரியும்? வெறும் எழுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டது. கப்பல் சொன்னதை நம்பி எழுத்தாகவே காட்டியது. வளையம் நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, அட, இது பக்கமல்லவா என்று உடுத்தி, பூ வைத்துக் காட்டியது.

சேர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நல்ல மனுசன். வைக்க வேண்டியதத்தான் வச்சிரிக்கார், இடம்தான் மாறிப் போச்சி. இண்டைக்கே அவருக்கு அறிவிச்சிருங்க" என்றுவிட்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். மாமியும் நானாவும் கார்க் கனவோடு போனார்கள். சந்தையில் வேலையிருக்கிறது என்று சொல்லி றிஸ்வானா பின்தங்கினாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் அவள் சிரிக்கவில்லை.

"மிஸ், எனக்குப் பயமா இரிக்கி. போன வருசம் பேசின ஆள உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். ஊருக்கே தெரியும். வங்கியில் பெரிய உத்தியோகம் என்றார்கள். பேச்சு முடித்து, தெருவெல்லாம் பலகாரம் கொடுத்த பிறகுதான் அந்த ஆளுக்கு வேறு ஊரில் மனைவி, பிள்ளை இருப்பது வெளியே வந்தது. பொய் சொன்னவன் தன் பாட்டில் போய்விட்டான். பேச்சு முழுக்க இவள் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தாய்மார் இவளைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள்.

"இன்னொரு தரம் அப்பிடி எண்டா என்னால ஏலா மிஸ். இந்த ஆளும் பொய்தான் சொல்லியிரிக்கார். ஆனா சொல்லிப்போட்டுச் சும்மா இரிக்க ஏலாம எழுதியும் வச்சிரிக்கார். பேச்சு முடியமுன்ன மாத்தணும் எண்டு. மாத்துவாரா மாட்டாரா? அது ஒண்டு தெரிஞ்சா எனக்குக் காணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

எனக்கு அவளைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கே அறிவிக்க வேண்டும். பெயரின் கடைசியை மாற்றுங்கள் என்று எழுதினால் மாற்றிவிடுவார், குறிப்பெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். குறிப்பை வாசித்துவிட்டோம் என்று எழுதினால், பிடிபட்டதால் மாற்றினாரா, மனசால் மாற்றினாரா என்று தெரியாது.

"உங்கட வீட்டாலயும் விபரம் கேட்டிரிப்பாங்கதானே?" என்றேன்.

"கேட்டாங்க. உம்மா எழுதித் தந்திரிக்கா." கைப்பையிலிருந்து எடுத்தாள். மாமியின் கணக்கில் றிஸ்வானாவுக்கு வயது இருபத்திநாலு. சமையல் நன்றாகத் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு சொன்னால் வேலையை விடுவாள்.

"வயசு?"

"இருபத்தேழு. என்ட உம்மாவும் அந்த மாமாவும் ஒரே பள்ளிக்கூடம் போல."

அப்போதுதான் எனக்குள் இருந்த குரங்கு எழும்பியது. றிஸ்வானாவுக்கும் ஒரு பக்கம் செய்வோம் என்றேன். படம் வேண்டாம், விபரம் போதும். வளையத்தில் மாமியின் மகள், கப்பலில் றிஸ்வானா. அவளுக்கு ஒரு நிமிடம் பிடிக்கவில்லை, மறு நிமிடம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே தெரிவதற்கு மாமி எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டோம். உள்ளே அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "வயசு 27. ஒளிக்கல்ல, உம்மா ஒளிச்சது." "சமையல் தெரியா. நான் செஞ்ச வட்டிலாப்பத்தப் பூனையும் மணந்து பாத்திட்டுப் போயிட்டு." வட்டிலாப்பம் என்றால் முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து எங்கள் ஊரில் அவிக்கிற இனிப்பு. "படிப்பிக்கிறத ஒருநாளும் விட மாட்டன்." "உங்கட இங்கிலீஷுக்குச் சிரிக்க மாட்டன். காருக்குப் பின்னால மறைச்ச கைக்குக் கொஞ்சம் சிரிச்சன்."

அவருடைய குறிப்பை வாசித்தது இதில் தெரிந்துவிடும்தான், ஆனால் தன் மறைப்பை முதலில் அவிழ்த்தவள் இவள், அதனால் அது மிரட்டலாகாது. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தேன். 786 போட்டேன். எங்கள் நிலையத்துக்கென்று இருந்த இடத்தில் ஏற்றினேன். பிறகு இர்ஷாதுக்கு, அவருடைய பக்கத்தின் அடியில் இருந்த முகவரிக்கு, ஈமெயில். உங்கள் பக்கத்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்தும் பிழை, சரியானது இது. பெண் வீட்டு விபரம் இன்ன முகவரியில் இருக்கிறது, தயவுசெய்து இரண்டு பிரவுசரிலும் பார்த்துச் சரியா என்று அறிவிக்கவும். அவ்வளவுதான். இதில் ஒரு பொய்யும் இல்லை. இரண்டிலும் பார்க்கச் சொல்வது எங்கள் நிலையத்தின் முறைதான்.

"வளையத்தில மட்டும் பாத்திட்டுச் சரி எண்டு எழுதினா?" என்று கேட்டாள் றிஸ்வானா.

"அப்ப அவருக்கு இருபத்திநாலு வயசுப் புள்ளதான் வேணும்."

செவ்வாய், பதில் இல்லை. புதன், பதில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் றிஸ்வானா வந்து திரைச்சீலையை விலக்கி என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவாள். வியாழன் பின்னேரம் வந்தது. ஒரே வரி. "பார்த்தேன். இரண்டிலும் பார்த்தேன்."

சரி என்றும் இல்லை, பிழை என்றும் இல்லை. அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கார் அப்படியே நின்றது. எஞ்சினியரும் அப்படியே. றிஸ்வானா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

"போய்ட்டார் மிஸ்" என்றாள். "வயசப் பாத்திரிப்பார்."

பேசாமல் பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, சேர் சொன்ன மாதிரி விசயத்தைப் பாராமல் இருந்திருக்கலாம். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் விளையாட நான் யார்? அன்று இரவு மீன் ஆணத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

வெள்ளி, முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. காலை ஒன்பது மணிக்கே சுலைஹா மாமி பரிவாரத்தோடு வந்துவிட்டார். மாப்பிள்ளையைக் காரோடு கலரில் அச்சடித்து எடுக்க வேண்டுமாம். ஜும்ஆவுக்குப் பிறகு மாமா வரும்போது சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம். "கார் முழுசா விழணும் மகள். மாப்பிள்ள கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் காரியமில்ல."

றிஸ்வானா தரையைப் பார்த்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மோடம் கத்தியது. நான் இரண்டிலும் முகவரியை அடித்தேன். பழைய பெயரில் ஒன்றும் வரவில்லை. ஈமெயிலில் நான் சொல்லிக்கொடுத்த புதுப் பெயரை அடித்தேன்.

முதலில் தலை இறங்கியது. பிறகு கழுத்து, கழுத்துப்பட்டி இல்லை. பிறகு நீல நிற வேலை உடுப்பு. அதன் கை சரியான நீளம். அந்தக் கையில் ஒரு ஸ்பேனர், பக்கத்தில் மூடி கழற்றிய ஏசி ஒன்று. தொழில்: ஏசி மெக்கானிக். வயது: முப்பத்தொன்று. ரோசாப்பூ மட்டும் பழையபடி விரிந்து மூடியது, அதை விட மனுசனுக்கு மனசில்லை போல.

நான் பின்னறைக்கு ஓடினேன். கப்பலிலும் அதே படம், அதே வரிகள். றிஸ்வானா இரண்டு கையாலும் சால்வையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, இந்தத் தரம் உண்மையான அழுகைதான்.

"உள்ளுக்கு ஏதும் ஒளிச்சி வச்சிரிக்காரா பாருங்க மிஸ்."

உள்ளெழுத்தைத் திறந்தேன். ஒரே ஒரு குறிப்பு இருந்தது. "வட்டிலாப்பம் எனக்கு நல்லாச் செய்ய வரும். பூனைக்கும் சேத்துச் செய்வன்."

அதற்குள் ஹோலில் கூக்குரல்.

"காரக் காணல்ல! நௌபர், காரக் காணல்லடா!"

நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மெக்கானிக்காம் உம்மா! எஞ்சினியர் எண்டு சொல்லி ஏமாத்தியிரிக்கானுகள்! திங்கக்கிழம ஒரு ஆள், வெள்ளிக்கிழம ஒரு ஆளா? சேர்! இது என்ன சேர் உங்கட மிஷின்? திங்கக்கிழம இரிந்த கார் எங்க?"

மஜீத் சேர் கையைப் பின்னால் கட்டியபடி வந்தார். திரையைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அண்டைக்குக் கோளாறு இரிந்திச்சி தம்பி. இப்ப திருத்தியாச்சி" என்றார்.

திரைச்சீலை விலகியது. றிஸ்வானா ஹோலுக்கே வந்துவிட்டாள், பொடியன்மார் இருப்பதையும் பார்க்கவில்லை.

"நானா, நான் பாத்த மிஷின்ல கார் ஒருநாளும் வரல்ல. அண்டைக்கே மெக்கானிக் எண்டுதான் இரிந்திச்சி."

"அண்டைக்கே தெரியுமா உனக்கு? தெரிஞ்சிக்கிட்டா வாய மூடிக்கிட்டு இரிந்த?"

"ஓம். அவரே சொல்லுற வரைக்கும் பாத்துக்கிட்டு இரிந்தன். இப்ப சொல்லிட்டார். போன வருசம் வந்த ஆள் கடைசி வரைக்கும் சொல்லல்லதானே நானா? எனக்கு இவர்தான். மாமா வந்தா ஓம் எண்டு சொல்லுங்க."

நானாவுக்குப் போன வருடம் ஞாபகம் வந்ததோ என்னவோ, உம்மாவின் பக்கம் திரும்பினார். எல்லோரும் மாமியைப் பார்த்தோம். எங்கள் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டில் கடைசிச் சொல் மாமியுடையது. மாமி திரைக்குக் கிட்டப் போய், மூக்குக் கண்ணாடியை ஏற்றி, கழற்றிப் போட்ட ஏசியை மேலும் கீழும் பார்த்தார்.

"மகள், இந்த ஏசி திருத்திறவங்க பிரிஜ்ஜும் திருத்துவாங்களா?"

"ஓம் மாமி" என்றேன். "ரெண்டும் ஒரே வேலைதான்."

மாமி பொலித்தீன் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப என்னத்துக்கு நிக்கிறீங்க? அச்சடிச்சித் தாங்களன். மாப்பிள்ள முழுசா விழணும்."

அவர்கள் போன பிறகு நான் மட்டைக் கொப்பியை எடுத்தேன். ஜும்ஆவுக்கு இன்னும் நேரமிருந்தது. நடந்த கூத்தை யாரிடமும் சொல்ல முடியாது, சேரிடம் சொல்லவே முடியாது. ஆகவே முறைப்படி எழுதினேன். "இரண்டிலும் ஒரே மாதிரி தெரிகிறது. கோளாறு தீர்ந்தது. கார் இல்லை."

அத்தர் வாசம் வந்தது. சேர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார்.

"எட்டுத்தான் வருது மிஸ். இன்னும் ரெண்டுக்கு இடமிரிக்கி."

குனிந்து, அவரே எழுதினார். பென்சிலைப் பைக்குள் வைத்தார், தொப்பியைச் சரிசெய்தார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். நான் கொப்பியைத் திருப்பி வாசித்தேன். 'கார் இல்லை' என்பதற்குப் பக்கத்தில், தந்திக்காரரின் குண்டு குண்டான எழுத்தில், "வட்டிலாப்பம் உண்டு" என்று இருந்தது.